வடகரைக் கல்லுல எழுதின பேரு

ஏனுங்க அம்மிணி, இந்த வண்டி காரணம்பேட்டையில நிக்குமுங்களா? கண்டக்டரு நிக்கும்னுதான் சொன்னாரு. ஆனா என்ற மூஞ்சியப் பாக்காம சொன்னாரு, அதான் உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். நிக்குமா? செரி. கொஞ்சம் நவுந்து உக்காருங்க. எனக்கு வலது முட்டி மடங்காது, நடையில நீட்டி வெச்சுக்கோணும். பையி மடியிலயே இருக்கட்டும், மேல வெக்க வேண்டாம். உள்ள போட்டோ இருக்குது. அது கசங்கிப்போச்சுன்னா நான் இந்த வண்டியில வந்ததுக்கே அர்த்தமில்ல.

மணி என்னாச்சுங்க? பன்னண்டே முக்காலா. ரெண்டு மணிக்கு மில்லுல காலைச் சிப்டு உடுவாங்க. அதுக்கு முன்னாடி நான் கேட்டுல போயி நிக்கோணும். இந்த டிரைவரு ஊருல இருக்கற அத்தனை டீக்கடைக்கும் மரியாதை குடுத்துட்டுப் போறாரு. போகட்டும், போகட்டும். நான் அவசரப்பட்டா வண்டியா அவசரப்படும்.

நாளான்னைக்குப் புதன்கெழம. அன்னைக்கு விசாரணை. அதுக்குள்ள ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகலைன்னா எங்க குளத்தோட வடகரை ரெண்டு ஏக்கராவும் லாரி நிறுத்தற எடமாயிரும். அதுக்குக் காரணம் நாந்தான்னு எங்க தலைவரு மாரப்பண்ணன் வெளிய சொல்றதில்ல. ஆனா நாலு நாளா என்ற ஊட்டுல காப்பி குடிக்க வரமாட்டேங்கறாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

என்ற பேரு வசந்தாமணிங்க. போஸ்ட் ஆபீசு கவுண்டர்ல முப்பத்தொரு வருசம். ரிட்டயர்டு ஆயி ஆறு வருசமாச்சு. எங்க ஊட்டுக்காரரு டிவி முன்னால உக்காந்தாருன்னா பொழுது சாயற வரைக்கும் அசைய மாட்டாரு. எனக்கு அப்படி உக்காந்தா உடம்புக்கு ஆகாது. அதான் குளத்துக்குப் போனேன்.

ஊட்டுக்குப் பின்னால வேலாங்குளம். அறுவது ஏக்கரா. சர்க்காரு பொறம்போக்கு, அப்படின்னா எல்லாருக்கும் பொது. இது நம் அனைவரின் சொத்துன்னு கரையில ஒரு போர்டு இருக்குது பாருங்க, அந்த வாசகம் நான் எழுதிக் குடுத்தது. அதுக்குக் கீழ ஒம்பது விதிமுறை. அதுவும் நாந்தான். குளிக்கக் கூடாது, தொவைக்கக் கூடாது, மீன் புடிக்கக் கூடாது, பூசை சாமானத்தை உடக் கூடாது. ஒம்பதும் எனக்கு மனப்பாடம்.

மூணு வருசத்துக்கு முன்னால குளம் பாதுகாப்புக் குழுன்னு ஆரம்பிச்சோம். மாரப்பண்ணன் ரிட்டயர்டு ஓவர்சியரு, அவரு தலைவரு. நான் செயலாளரு. ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கு எல்லாரும் கூடி ஆகாயத்தாமரையை எடுக்கறது, பிளாஸ்டிக்கைப் பொறுக்கறது, கரையில இருக்கற சீமைக் கருவேலத்தை வெட்டறது. மொத வாரம் நாப்பது பேரு வந்தாங்க. போட்டோ புடிச்சாங்க, பேப்பர்ல வந்துச்சு. பேப்பர்ல வந்ததுக்கு அப்பறம் இருவது பேரு. அப்பறம் எட்டு. எட்டும் எங்களைப் போல ரிட்டயர்டு கேசு. ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்கு இடுப்பு, எனக்கு முட்டி. தென்கரையை ஒரு மாதிரி பண்ணிட்டோம். வடகரைகிட்டப் போகவே முடியல. முள்ளு ஆளு ஒசரம், அதுக்கு அடியில பத்து வருசக் குப்பை.

அப்பத்தான் சென்னையில இருந்து குளம் குட்டைன்னு ஆராய்ச்சி பண்ற ஒரு தம்பி வந்தாரு. சுத்திப் பாத்துட்டு, "ஏம்மா, இந்தக் குளத்தச் சுத்தி இப்ப யாரு குடியிருக்கறாங்க?" அப்படின்னாரு. யாரு இருக்கறாங்க, வடக்கத்திக்காரங்கதான். குளத்தச் சுத்தி அத்தனையும் பனியன் கம்பெனி, அத்தனையும் லைன் வீடு. ஒரு ரூமுக்கு ஆறு பேரு, எட்டு பேரு. "அப்ப அவங்களையும் சேத்துக்காம நீங்க எட்டு பேரு எப்படிக் காப்பாத்துவீங்க?" அப்படின்னு கேட்டாரு.

எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. ஏன்னா எனக்கு இந்தி தெரியும். சின்ன வயசுல சபா பரீட்சை அத்தனையும் எழுதிப் பாசானவ நான். கடேசிப் பரீட்சையில எங்க சென்டர்ல மொதல் மார்க்கு. படிச்ச இந்தி நாப்பது வருசமா பொட்டியில கெடந்துச்சு. "வசந்தாமணி, இந்தச் சோலி உன்னுதுதான்" அப்படின்னுட்டாரு மாரப்பண்ணன். எனக்கும் ஒரு பெருமை இருந்துச்சுங்க, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்.

நான் என்ன பண்ணலைன்னு சொல்லுங்க. நோட்டீசு எழுதினேன். சுத்தமான இந்தி, ஒரு தப்பு இருக்காது. நீர்நிலையின் முக்கியத்துவம், வலசை வரும் பறவைகள், நமது கடமை, அப்படின்னு ரெண்டு பக்கம். கீழ என்ற பேரு, செயலாளர்னு போட்டு, போன் நம்பரு. ஐநூறு அடிச்சு லைன் வீடு லைன் வீடா நானே போயிக் குடுத்தேன், இந்த முட்டியோட. வாங்கறப்ப எல்லாரும் "ஜி மேடம்ஜி, ஜி மேடம்ஜி"ன்னு ரெண்டு கையாலயும் வாங்குனாங்க. ஞாயித்துக்கெழம ஆறு மணிக்குப் போயி நின்னா ஒரு ஈ காக்கா இல்ல. ஒரு நோட்டீசு மட்டும் டீக்கடையில வடை மடிச்சுக் குடுத்தது வந்துச்சு.

லைன் வீட்டு ஓனரு சொன்னாரு, "அக்கா, சனிக்கெழம ரெண்டு சிப்டு ஓட்டறாங்க, ஊட்டுக்கு வர்றப்ப ராத்திரி ஒரு மணி. ஆறு மணிக்கு எந்திரிச்சு வான்னா எப்படி வருவாங்க?" நான் சொன்னேன், மனசு இருந்தா வரலாம்னு. நான் சர்வீசுல இருந்தப்ப அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மூணு பேருக்குச் சோறாக்கி வெச்சுட்டுப் போகலையா? பொதுக்காரியம்னா அப்படித்தான். நேரத்தை மாத்தலாம்னு மாரப்பண்ணன் ஒருக்கா சொன்னாரு. பத்து மணிக்கு மேல வெயிலு, எங்களுக்கு ஆகாது. நாங்க எட்டு பேரும் ஆறு மணிக்குப் பழகிட்டோம்.

உடலையே நான். தொப்பி அடிச்சேன், பச்சைத் தொப்பி, இந்தியில வாசகத்தோட. ரெண்டாவது நோட்டீசு. மூணாவது நோட்டீசு. ஒரு வருசம் அம்மிணி, முழுசா ஒரு வருசம். கடேசில ஒரு ஞாயித்துக்கெழம மூணு பேரு வந்தாங்க. ரெண்டு ஆம்பளைங்க, ஒரு பொம்பளை. பொம்பளைக்கு முப்பது முப்பத்தஞ்சு வயசிருக்கும், பச்சைச் சேலை. எனக்குச் சந்தோசம் தாங்கல. உக்கார வெச்சு குளத்தோட வரலாறு பூராவும் சொன்னேன். முக்கா மணி நேரம், நிறுத்தாம, இந்தியிலயே. ஒருத்தன் உக்காந்த வாக்குலயே தூங்கிட்டான். அந்தப் பொம்பளை மட்டும் கண்ணு கொட்டாம என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்தா.

பேசி முடிச்சு, சந்தேகம் இருந்தாக் கேளுங்கன்னேன். அந்தப் பச்சைச் சேலைக்காரி கேட்டா, "மேடம்ஜி, தீவாளி சமயத்துல எந்தக் கரையில தண்ணி இடுப்பளவு நிக்கும்?"

நான் இத்தனை நேரம் என்ன பேசினேன், இவ என்ன கேக்கறா பாருங்க. குளிக்கறதுக்குத்தான் எடம் பாக்கறான்னு நெனச்சேன். விதிமுறை ஒண்ணு, குளிக்கக் கூடாதுன்னு போர்டைக் காமிச்சேன். போர்டு தமிழ்ல இருக்குது, அதனால நானே படிச்சு இந்தியில சொன்னேன், ஒம்பதையும். தலையாட்டிக் கேட்டுக்கிட்டா. அப்பறம் மெதுவா, "நீங்க ஏன் மேடம்ஜி தண்ணிகிட்ட எறங்கறதே இல்ல? நாங்க ரோட்டுல இருந்து பாப்போம், மேலயே நின்னுக்கறீங்க" அப்படின்னா. முட்டி மடங்காது, கரை செங்குத்தா இருக்குது, புடிமானம் இல்ல, இந்தக் குளத்துத் தண்ணியில நான் ஒரு நாளும் கால் நனைச்சதில்லைன்னேன். பேச்சுவாக்குல சொன்னதுதான். அப்பறம் அவங்க வரவே இல்ல. தொப்பி மூணும் போச்சு.

வண்டி நின்னுபோச்சே, என்னங்க? ஆடா? ஆடு போனாச் செரி.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். தீவாளி முடிஞ்சுது. பனியன் கம்பெனியெல்லாம் ஒரு வாரம் லீவு. அஞ்சாம் நாளு காலையில மாரப்பண்ணன் போன் பண்றாரு. "வசந்தாமணி, ஒடனே வடகரைக்கு வா." நான் யாரோ தண்ணியில உளுந்துட்டாங்கன்னு பதறிட்டுப் போறேன். போயிப் பாத்தா, முள்ளே இல்லைங்க. மூணு வருசமா எங்களால தொட முடியாத கருவேலங்காடு, வேரோட எடுத்து அக்கட்டால குமிச்சு வெச்சிருக்குது. குப்பை ஒரு துண்டு இல்ல. கரையைச் சரிவா வெட்டி, மண்ணைத் தட்டி, தண்ணி வரைக்கும் பெருக்கி, சாணி தெளிச்சு வெச்சிருக்கறாங்க. ஓரத்துல வரிசையா கல்லு போட்டு, ஒவ்வொரு கல்லுலயும் சுண்ணாம்புல இந்தியில என்னமோ எழுத்து. ஒரு எடத்துல மட்டும் செங்கல்லு அடுக்கி நாலு படி, பக்கத்துல புடிச்சுக்கறதுக்கு ஒரு மூங்கிக் கம்பு நட்டிருந்துச்சு.

மாரப்பண்ணன் வாயப் பொளந்துட்டு நிக்கறாரு. "நாலு நாளுல பண்ணிட்டானுக பாரு" அப்படிங்கறாரு, என்னமோ அவரு பேரன் பரீட்சையில பாசான மாதிரி.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? வயிறு எரிஞ்சுதுங்க. உள்ளதச் சொல்றேன். ஒரு வருசமா வீடு வீடாப் போயிக் கூப்புட்டேன். கெஞ்சினேன். அப்ப வராதவங்க, இப்ப கூப்புடாம வந்து, கேக்காம கொள்ளாம, எங்க குளத்துல கை வெச்சிருக்கறாங்க. யாரைக் கேட்டு வெட்டுனாங்க? யாரைக் கேட்டுப் படி வெச்சாங்க? அக்கம்பக்கம் விசாரிச்சா, அவங்க ஊருச் சூரியன் பூசையாம். தீவாளிக்கு ஆறாம் நாளு பொழுதோட தண்ணியில நின்னு சாயற சூரியனக் கும்புட்டு, மறுநா வெள்ளென வந்து உதிக்கற சூரியனக் கும்புடறதாம். அதுக்கு எடம் புடிச்சுத்தான் ஆளாளுக்குக் கல்லுல எழுதிப் போட்டிருக்கறாங்களாம். பூசை சாமானம் உடக் கூடாதுன்னு விதிமுறை இருக்குதா இல்லையா?

ஒடனே போனை எடுத்துப் படம் புடிச்சேன். ஒவ்வொரு கல்லையும் தனித்தனியா, ஆதாரத்துக்கு. ஊட்டுக்குப் போயி மனு எழுதினேன். மனு எழுதறதுல என்னைய ஒருத்தரும் அடிச்சுக்க முடியாது, போஸ்ட் ஆபீசு முன்னால எத்தனை பேருக்கு எழுதிக் குடுத்திருக்கறேன். வெளிமாநிலத்தவர் சிலர் வடகரையை ஆக்கிரமித்து, கற்களில் எழுதி அசிங்கப்படுத்தி, செங்கல்லால் படி கட்டியுள்ளனர்னு எழுதினேன். அது கொஞ்சம் பலமில்லாம தெரிஞ்சுது. அதனால கூட ஒரு வரி சேத்தேன். மேற்படி வடகரையை ஊர்ப் பொதுமக்கள் எவரும் எக்காலத்திலும் பயன்படுத்துவதில்லை. அந்த ஒரு வரி. அது எதுக்கு எழுதினேன்னா, ஊருச்சனம் புழங்காத எடத்துல இவங்களுக்கு என்ன வேலைன்னு கேக்கறதுக்காக. படமெல்லாம் பிரிண்டு போட்டு இணைச்சுத் தாலுக்கா ஆபீசுல குடுத்தேன்.

மூணு வருசமா குளத்துக்கு வேலி போடுங்கன்னு இருவது மனு குடுத்திருக்கறோம், ஒண்ணுக்கும் பதிலில்ல. இதுக்கு அன்னைக்குச் சாயங்காலமே ஆளு வந்து வடகரை வழிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. சாவி ஒண்ணு என்ற கையில. மறுநா காலையில எங்க ஆளுங்க ரெண்டு பேரை உட்டு தென்னங்குச்சி வெளக்கமாத்துல தேச்சு அத்தனை எழுத்தையும் அழிச்சேன். நான் மேல நின்னு சொல்லச் சொல்ல அவங்க அழிச்சாங்க. செங்கல்லைப் புடுங்கி எடுத்தாந்தோம். வீணாப் போகவேண்டாமேன்னு எங்க ஊட்டுத் தொளசிச் செடியைச் சுத்தி வெச்சிருக்கறேன்.

இந்தி படிக்கத் தெரிஞ்சவ அங்க நான் ஒருத்திதாங்க. ஆனா நான் அதைப் படிக்கல. அழுக்கைப் பாக்கற மாதிரித்தான் பாத்தேன்.

அன்னைக்குப் பொழுதோட வந்தாங்க. எரநூறு பேரு இருக்கும். ஆம்பளைங்க தலையில மூங்கிக் கூடை, கூடை நெறையப் பழம், முழுக் கரும்பு. பொம்பளைங்க புதுச்சேலை கட்டி, மூக்கு நுனியில இருந்து வகுடு வரைக்கும் ஆரஞ்சு நெறத்துல செந்தூரம். முந்தின நாளு ராத்திரியில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாத வெரதமாம். சங்கிலியப் பாத்து நின்னுட்டாங்க. நான் உள்பக்கம் நின்னு ஒம்பது விதிமுறையும் சொன்னேன். சத்தம் போடுவாங்க, சண்டைக்கு வருவாங்கன்னு நெனச்சேன். கூடையைக் கீழ வெக்காமத் தலையிலயே புடிச்சுட்டு நின்னாங்க. அந்தப் பச்சைச் சேலைக்காரி, அன்னைக்கு மஞ்சச் சேலை, முன்னால வந்து சங்கிலியத் தொட்டுப் பாத்தா. என்னையப் பாத்தா. என்னமோ சொல்ல வாயெடுத்தா. அப்பறம் தலைய ஆட்டிட்டுத் திரும்பிட்டா.

அப்பறம் என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? லைன் வீட்டு வாசல்ல நீலப் பிளாஸ்டிக் டிரம்மை அறுத்துப் பாதியாக்கி, அதுல கொழாத்தண்ணி புடிச்சு ஊத்தி, ஒவ்வொரு பொம்பளையா அதுக்குள்ள ஏறி நின்னு கும்புட்டாங்க. முழங்காலுக்குத்தான் தண்ணி. பக்கத்துக் கம்பெனிச் செவுரு மறைச்சு அங்கிருந்து சூரியன் தெரியாது. செவுத்தப் பாத்துக் கும்புட்டாங்க. பாத்தா எனக்கும் பொக்குன்னுதான் போச்சு. என்ன பண்றது, விதின்னா எல்லாருக்கும் விதின்னு மனசைத் தேத்திக்கிட்டு வந்துட்டேன்.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் குடுங்க. தொண்டை காஞ்சுபோச்சு.

பொங்கலு போச்சு. தாலுக்கா ஆபீசுல இருந்து வந்து ஒரு நோட்டீசு ஒட்டுனாங்க. வடகரை பயன்பாட்டில் இல்லாத நிலம்னு கண்டறியப்பட்டதால லாரி நிறுத்தத்துக்கு ஒதுக்க உத்தேசம், ஆட்சேபணை இருந்தா விசாரணைக்கு வரலாம். வடகரைதாங்க குளத்துக்குத் தண்ணி வர்ற வாசலு. அங்க மண்ணைக் கொட்டி மேடாக்கிட்டா நாலு வருசத்துல அறுவது ஏக்கராவும் மைதானம். எட்டு பேரும் போனோம். நாந்தான் பேசினேன். எடுத்த எடுப்புல நல்லாத்தான் பேசினேன்.

அந்த அதிகாரி மரியாதைப்பட்ட மனுசன். பூராவும் கேட்டுட்டு, ஃபைலைத் தொறந்து ஒரு காயிதத்தை எடுத்தாரு. "அம்மா, இது உங்க கையெழுத்துதானே?" அப்படின்னு கேட்டுட்டு, படிச்சாரு. எவரும் எக்காலத்திலும் பயன்படுத்துவதில்லை. என்ற எழுத்து, என்ற நடை. மாரப்பண்ணன் என்னையப் பாக்கல, ஃபேனைப் பாத்தாரு.

நான் சொன்னேன், "இல்லைங்க சார், ஊருச்சனந்தான் பயன்படுத்தல. எரநூறு பேரு அங்க பூசை பண்ண வந்தாங்க. அந்த முள்ளைப் பூராவும் அவங்கதான் வெட்டுனாங்க. அது அவங்க பொழங்கற எடம்." சொல்லிட்டு எனக்கே ஆச்சரியம், நானா இப்படிப் பேசறேன்னு.

"யாரும்மா அவங்க?"

"இங்க வேலை செய்யற வடநாட்டுக்காரங்க சார்."

"பேரு?"

நான் மாரப்பண்ணனைத் திரும்பிப் பாத்தேன்.

"ஒரு பேரு சொல்லுங்கம்மா, போதும். ஒரே ஒரு ஆளு வந்து நாங்க இந்தக் கரையைப் பயன்படுத்தறோம்னு வாக்குமூலம் குடுத்தாப் பதிவு பண்ணிக்கறேன். ஒரு வருசமா அவங்களோட பழகிட்டிருக்கேன்னு சொன்னீங்கல்ல?"

ஐநூறு நோட்டீசு குடுத்திருக்கறேன் அம்மிணி. ஒரு பேரு கேட்டதில்ல. கவுண்டர்ல முப்பத்தொரு வருசம், பேரைப் படிக்காம ஒரு கவரை நான் கை மாத்துனதில்ல. அங்க நிக்கறேன், ஒரு பேரு இல்லாம. பச்சைச் சேலைன்னா சொல்ல முடியும்? அவரு பாவம் பாத்து வர்ற புதன்கெழம வரைக்கும் டயம் குடுத்தாரு.

நேரா லைன் வீட்டுக்குப் போனேன். ரூமெல்லாம் காலி. கம்பெனியில ஆர்டரு இல்லைன்னு பொங்கலுக்கு அப்பறம் மேஸ்திரி அத்தனை பேரையும் காரணம்பேட்டைப் பக்கம் ஒரு மில்லுக்குக் கூட்டிட்டுப் போயிட்டானாம். ஓனரு அந்த மில்லு கேட்டோட போன் நம்பரு குடுத்தாரு. போன் பண்ணினேன். வாட்ச்மேன் எடுத்துக் கேக்கறான், "யாரைக் கூப்புடோணும்? பேரு சொல்லுங்க." ஒரு பொம்பளைப்பா, முப்பது முப்பத்தஞ்சு வயசு, பச்சைச் சேலை கட்டுவா. அவன் சிரிச்சுட்டு வெச்சுட்டான்.

மூணு நாளு எனக்குத் தூக்கமில்ல. ஊட்டுக்காரரு, "வேற யாரையாவது கூட்டிட்டுப் போ, அவங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப் போகுது" அப்படிங்கறாரு. டிவியப் பாத்துக்கிட்டே. சனிக்கெழம தொளசிக்குத் தண்ணி ஊத்தறேன். செங்கல்லுல ஒண்ணுல சுண்ணாம்பு ஒட்டியிருக்குது. அப்பத்தாங்க எனக்கு உறைச்சுது. கல்லு பூராவும் எழுத்து. எழுத்தப் பூராவும் படம் புடிச்சு வெச்சிருக்கறேன். குடத்தை அப்படியே போட்டுட்டு உள்ள ஓடுனேன். ஓடறதுன்னா என்ற ஓட்டம்.

பெருசாப் பிரிண்டு போட்டாந்திருக்கறேன். இருங்க, காமிக்கறேன். ஓரத்துல புடிங்க, வெரலு பட்டாப் போயிரும். உங்களுக்கு இந்தி தெரியாதுங்களா? நான் படிக்கறேன். இது, ராம்துலாரி தேவி, சமஸ்திபூர். இது, உபேந்தர் மாதோ, குடும்பம் ஆறு பேரு. இது பூல்மதி, தர்பங்கா. பாருங்க, ஊரோட எழுதியிருக்கறாங்க, அட்ரசு மாதிரி. லால்முனி. சுனைனா தேவி. பைஜ்நாத், தம்பி குடும்பம், அம்மா. மொத்தம் பதினெட்டுக் கல்லு. பதினெட்டுப் பேரு.

இதப் பாருங்க. இதுதான் அந்தச் செங்கல்லுப் படி. நாலு படி, கம்பு நட்டிருக்குது. வரிசையில இதுதான் நல்ல எடம், மண்ணு கெட்டி, தண்ணிக்குக் கிட்ட. வேற எந்தக் கல்லுக்கும் படி இல்ல, இதுக்கு மட்டுந்தான். இந்தக் கல்லுல என்ன எழுதியிருக்குதுன்னு படிக்கறேன் பாருங்க.

வசந்தாமணி மேடம்ஜி.

என்ற பேருங்க. நான் யாருக்கும் என்ற பேரச் சொல்லல. அவங்களும் கேட்டதில்ல. நோட்டீசுக்குக் கீழதான் போட்டிருந்தேன், ரெண்டாம் பக்கத்துல, கடேசி வரி. ஒருத்தரும் படிக்கலைன்னு ஒரு வருசமா ஊரெல்லாம் திட்டிட்டிருந்தேனே, அது.

கண்ணுல தூசி. சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.

நான் எனக்கு வெச்ச படியை நானே புடுங்கி, நானே மனுவுல மூணாம் நம்பர் குத்தமா எழுதிக் குடுத்திருக்கறேன். அன்னைக்குச் சங்கிலிகிட்ட அவ வாயெடுத்தது இதைச் சொல்றதுக்காத்தான் இருக்கும். இல்ல, வேற எதுக்கோ. எனக்கு எப்படித் தெரியும், கேட்டாத்தானே.

இப்ப நான் போயி என்ன சொல்றது? மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கறேன், நல்ல இந்தியில. மதிப்பிற்குரிய சகோதர சகோதரிகளே, அப்படின்னு ஆரம்பிக்குது. நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க. வேற மாதிரி எனக்குச் சொல்லிக்குடுக்கலையே. புதன்கெழம காலையில பத்தரை மணிக்கு ஒருத்தரு வந்தாப் போதும்னு கேக்கப் போறேன்.

என்ன சொல்றீங்க? புதன்கெழம பத்தரைக்குக் காலைச் சிப்டு நடக்குமா?

அட ஆமாங்க. சிப்டுல இருப்பாங்க. ஒரு நாள் சம்பளம் போகும். புது மில்லு, சேந்து ஒரு மாசங்கூட ஆகல, லீவு கேட்டா மேஸ்திரி என்ன சொல்லுவானோ. நான் இதை ரோசிக்கவே இல்ல பாருங்க. மறுபடியும் எனக்குத் தோதான நேரத்தையே தூக்கிட்டுப் போறேன். கரையில எறங்க உடாம சங்கிலி போட்டவ, அந்தக் கரைக்குச் சாட்சி சொல்ல வேலைய உட்டுட்டு வாங்கன்னு கேக்கப் போறேன். அவங்க மாட்டேன்னா அதுல ஒரு தப்பும் இல்ல. நானா இருந்தாச் சத்தியமா வரமாட்டேன்.

ஆனா வரலைன்னா குளம் போச்சுங்க.

செரி, அதிகாரிய மில்லுக்கு வரச் சொல்லிக் கேட்டுப் பாக்கறேன். இல்லைன்னா வாக்குமூலத்தை எழுதி வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்கறேன். அதுவும் முடியாதுன்னா, முடியாது. மொதல்ல கேட்டுல நிக்கோணும். மணி என்ன? ஒன்னே முக்காலா. அங்க தெரியுதே, அதுதானுங்களா ஸ்டாப்பு? ஏனுங்க கண்டக்டரு, எறங்கோணும், நிறுத்துங்க, முட்டி சீக்கிரம் எந்திரிக்காது.

கையக் குடுங்க அம்மிணி. பைய எடுத்துக் குடுங்க. போட்டோவும்.

வாட்ச்மேன் பேரு சொல்லுன்னு கேப்பான். சொல்லுவேன். ராம்துலாரி, பூல்மதி, லால்முனி, சுனைனா, ஒவ்வொண்ணா. எந்தப் பேருக்கு அந்தப் பச்சைச் சேலைக்காரி வருவான்னு தெரியாது. அதனால பதினேழையும் கூப்புடப் போறேன். பதினெட்டாவது கல்லுக்காரி வெளியில வந்து நிக்கறான்னு சொல்லச் சொல்லுவேன்.